வாட்ஸ்அப் குழு: சீனப் பயணம் (குடும்பத்தார் மட்டும்)

செந்தில்: பயண முகவர் இன்று இரவுக்குள் ஊர்களை உறுதிசெய்யச் சொல்கிறார். பெய்ஜிங், ஷியான், ஷாங்காய் முடிவாகிவிட்டன. பெரியப்பா கேட்ட சூஃபூவைச் சேர்ப்பதா? சேர்த்தால் ஷாங்காயில் ஒரு நாள் குறையும்.

வசந்தா சித்தி: ஷாங்காயில் கை வைக்காதே.

முரளி சித்தப்பா: சூஃபூவில் என்ன இருக்கிறது?

லதா அத்தை: சாப்பிட என்ன இருக்கிறது என்று முதலில் கேள்.

பெரியப்பா: கன்பூசியஸின் ஊர். எரிக்கச் சொன்ன நூல்கள் அவர் வீட்டுச் சுவருக்குள் கிடைத்த ஊர்.

முரளி சித்தப்பா: ‘சீனப் பேரரசர் நாட்டிலிருந்த எல்லா நூல்களையும் ஒரே நாளில் எரித்தார். ஒன்றுகூட மிஞ்சவில்லை. பத்துப் பேருக்குப் பகிரவும்.’
இதைப் பாருங்கள் அண்ணா. எனக்கு வந்தது.

பெரியப்பா: வந்ததையெல்லாம் அனுப்பாதே முரளி. கி.மு. 213இல் சின் வம்சத்தின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்குக்கு அந்த யோசனையைக் கொடுத்தவர் தலைமை அமைச்சர் லி ஸி. அறிஞர்கள் பழங்காலத்தைக் காட்டி இன்றைய ஆட்சியைக் குறை சொல்கிறார்கள் என்று அவருக்கு ஆத்திரம். தனியாரிடம் இருந்த கவிதைத் தொகை, ஆவணத் தொகை, பல சிந்தனையாளர்களின் நூல்கள், பிற நாடுகளின் வரலாறு எல்லாம் தீக்கு. 30 நாளில் எரிக்காதவனுக்கு முகத்தில் பச்சை குத்திக் கட்டாய வேலை. மருத்துவம், குறி பார்த்தல், மரம் நடுதல் பற்றிய நூல்களுக்கு விலக்கு. அரசவை அறிஞர்கள் வைத்திருந்தவற்றுக்கும் விலக்கு.

லதா அத்தை: ஜோதிடப் புத்தகத்தை விட்டுவிட்டார்களா? பிழைக்கத் தெரிந்தவர்கள்.

செந்தில்: அரசவைப் பிரதிகளாவது தப்பியிருக்க வேண்டுமே பெரியப்பா?

பெரியப்பா: கேட்டாயே, அதுதான் கேள்வி. கி.மு. 206இல் சின் ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சித் தலைவன் ஷியாங் யூ தலைநகர் ஷியான்யாங்கின் அரண்மனைகளைக் கொளுத்தினான். மூன்று மாதம் தீ அணையவில்லை என்று வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதுகிறார். என்னைக் கேட்டால் லி ஸியைவிட இவன்தான் பெரிய குற்றவாளி. வெளியில் இருந்தது முன்பே சாம்பல்; உள்ளே காத்து வைத்தது இவனால் போயிற்று.

வசந்தா சித்தி: விசாவுக்கு எல்லாரும் வெள்ளைப் பின்னணியில் படம் எடுத்தாயிற்றா?

லதா அத்தை: என் படம் நன்றாக இல்லை. அனுப்ப மாட்டேன்.

கவிதா: சின் ஷி ஹுவாங் அறிஞர்களை உயிரோடு புதைத்தாராமே?

பெரியப்பா: நூல்களை எரித்ததற்கு மறு ஆண்டு, 460 பேருக்கு மேல். அதுவும் சிமா சியென் சொல்வதுதான். அவர் நூறாண்டுக்குப் பிறகு, சின்னை வீழ்த்திய ஹான் ஆட்சியில் இருந்து எழுதியவர். அதனால் ஆய்வாளர்கள் பலர் அப்படியே ஏற்பதில்லை.

கவிதா: சரி, நூல்கள் எப்படி மிஞ்சின?

பெரியப்பா: ஃபூ ஷெங் என்று ஓர் அறிஞர். ஆவணத் தொகையை வீட்டுச் சுவருக்குள் ஒளித்துவிட்டுப் போருக்குத் தப்பி ஓடினார். திரும்பி வந்து பார்த்தால் பல அதிகாரங்கள் தொலைந்திருந்தன. 29 மட்டும் கிடைத்தன. அதை வைத்தே பாடம் நடத்தினார். ஹான் பேரரசர் வென் தேடியபோது வயது தொண்ணூறுக்கு மேல், பயணம் முடியாது. அரசரே சாவ் சுவோ என்ற அதிகாரியை அனுப்பிப் படித்துவரச் செய்தார். கிழவர் பேச்சு விளங்காமல் மகள்தான் விளக்கினாள் என்றும் சொல்வார்கள்.

அம்மா: மகள் இருக்கும் வீடு வீடுதான்.

வசந்தா சித்தி: எனக்கு இரண்டும் பையன்கள் என்பதால் சொல்கிறீர்களா அக்கா?

பெரியப்பா: கவிதைத் தொகைக்குச் சுவரும் தேவைப்படவில்லை. மூங்கில் சுவடி எரிந்தாலும் பாடியவர்களின் மனப்பாடத்தில் இருந்தது. தடை நீங்கியது கி.மு. 191இல். பிறகு சூஃபூவில் லூ மன்னர் தன் அரண்மனையைப் பெரிதாக்கக் கன்பூசியஸின் பழைய வீட்டை இடித்தபோது, சுவருக்குள்ளிருந்து பழைய எழுத்துச் சுவடிகள் வந்தன. உள்ளே இசை கேட்டதாம். பயந்து இடிப்பதை நிறுத்திவிட்டார்.

முரளி சித்தப்பா: அந்தச் சுவர் இருக்கிறதா?

பெரியப்பா: இல்லை. இப்போது நிற்பது பிற்காலத்தில் நினைவாகக் கட்டியது.

முரளி சித்தப்பா: இல்லாத சுவரைப் பார்க்க ஒரு நாளா அண்ணா?

பெரியப்பா: வீடு மாறும்போது என் நான்கு மூட்டைப் புத்தகங்களை எடைக்குப் போட்டவன் கேட்கிறான்.

வசந்தா சித்தி: கரையான் பிடித்திருந்தது. எத்தனை முறை சொல்வது?

பெரியப்பா: அட்டையில் மட்டும்தான் பிடித்திருந்தது.

செந்தில்: மரம் நடுதல் பற்றிய புத்தகத்துக்காவது விலக்கு அளித்தீர்களா அப்பா?

முரளி சித்தப்பா: நீ முகவரைக் கவனி.

அம்மா: பெரியவர் கேட்டது இந்த ஓர் ஊர்தான்.

வசந்தா சித்தி: போகட்டும். ஷியானில் ஒரு நாளைக் குறையுங்கள்.

முரளி சித்தப்பா: களிமண் வீரர்களைப் பார்க்கத்தானே நான் பணம் கட்டுகிறேன்? முடியாது.

கவிதா: பெய்ஜிங்கிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகலாம். காலையில் போய் இரவு திரும்பினால் எந்த ஊரிலும் நாள் குறையாது.

லதா அத்தை: என் முழங்கால் சம்மதிக்க வேண்டும்.

பெரியப்பா: லதா விடுதியிலேயே இருக்கட்டும்.

லதா அத்தை: யார் வரவில்லை என்றது? ஊறுகாய் யார் எடுத்துவருகிறீர்கள், அதைச் சொல்லுங்கள்.

செந்தில்: ‘சூஃபூ, அநேகமாக’ என்று முகவருக்கு எழுதிவிட்டேன்.

முரளி சித்தப்பா: அநேகமாக என்றால் முன்பணம் உண்டா இல்லையா?

வசந்தா சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

அம்மா: என்ன எழுதி நீக்கினாய் வசந்தா?