தேரடி வீதிக் குழியில் ராஜகோபுரம்

குழு: பாட்டி வீட்டு ஆட்கள்

நான்: [புகைப்படம்]

நான்: மழை விட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எப்படி இருக்கிறது?

பெரியம்மா: அடடா, அண்ணாமலையார் கோபுரம் தலைகீழாகத் தெரிகிறதே! எந்தக் குளம்டா? பிரம்ம தீர்த்தமா?

நான்: தீர்த்தமும் இல்லை, குளமும் இல்லை பெரியம்மா. தேரடி வீதியில் தார் பெயர்ந்த குழி. நம் வீட்டு இட்லித் தட்டைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

பெங்களூரு அக்கா: பொய். 217 அடி கோபுரம், பதினோரு நிலையும் எண்ணலாம் போல இருக்கிறது. இட்லித் தட்டில் எப்படி அடங்கும்?

நான்: நின்றுகொண்டு பார்த்தால் அடங்காது, கொஞ்சம் வானமும் நாலு மின்கம்பியும்தான் தெரியும். ஃபோனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் இருக்கிற மூலையைத் தண்ணீருக்கு ஒரு விரல் மேலே வரை இறக்கினேன், அவ்வளவு தாழப் போனதும் குழியே ஏரி மாதிரி விரிந்துவிட்டது. செங்குத்தாகக் குனிந்து பார்த்தால் விழுகிற ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் திரும்பி வரும், அதனால் அடியில் கிடக்கிற கல்லும் பீடித் துண்டும்தான் கண்ணில் படும். பார்வை சாயச் சாயத்தான் தண்ணீர் கண்ணாடி ஆகும்.

அம்மா: அதற்காகத்தான் நடுத்தெருவில் குப்புறப் படுத்திருந்தாயா? பையன் மயங்கி விழுந்துவிட்டானோ என்று பூக்காரம்மா இப்போதுதான் ஃபோன் செய்தாள்.

நான்: 🙈

பெரியம்மா: அந்தத் தண்ணீரில் கையை வைக்காதேடா. காலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் போதும், எலிக்காய்ச்சல் வந்து சேரும். போனதும் சோப்புப் போட்டுக் கழுவு.

வேலூர் மாமா: நானும் வாசலில் எடுத்துப் பார்த்தேன். மிதக்கிற வேப்பிலை பளிச்சென்று இருக்கிறது, எதிர்வீட்டு மாடி ஒரே மங்கல்.

நான்: ஃபோகஸ் தண்ணீரின் மேல்பரப்பில் நின்றுவிட்டது மாமா. மாடி எவ்வளவு தூரமோ, கேமராவுக்கு அதன் பிம்பமும் ஏறக்குறைய அவ்வளவு தூரம். திரையில் தண்ணீருக்குள் தெரிகிற மாடியைத் தொட்டுவிட்டு எடுங்கள். அப்புறம், உங்கள் வாசல் சிமெண்ட் தரைதானே? தரை வெளுப்பாக இருந்தால் அதன் நிறமும் கலந்து பிம்பம் சோகையாகத்தான் வரும். கறுப்பாக எது இருந்தாலும் நல்லது, ஈரத் தாருக்கு ஈடே இல்லை.

வேலூர் மாமா: இப்போது வருகிறது! தேங்கிய தண்ணீர் என்றதும் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் எடுத்த படம்தான் ஞாபகம் வருகிறது. 1932இல் பாரிஸில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒருவர் தண்ணீரைத் தாண்டிக் குதிக்கிறார், குதிகால் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை, கீழே அவர் பிம்பமும் சேர்ந்து குதிக்கிறது. வேலி இடுக்கு வழியாக எடுத்தது. பிரெஸ்ஸோன் உங்கள் ஊருக்கும் வந்திருக்கிறார் தெரியுமா? 1950 ஏப்ரலில் ரமணர் சமாதியடைந்தபோது ஊரில்தான் இருந்தார், ஆசிரமத்தில் படங்களும் எடுத்தார்.

பெங்களூரு அக்கா: நம் ஊரில் அவர் குழியைப் படம் எடுத்தாரா?

வேலூர் மாமா: ஏப்ரல் வெயிலில் தண்ணீருக்கு எங்கே போவார்? 😀

நான்: இன்னொன்று எடுக்கலாம் என்று திரும்பிப் போனேன். ஆட்டோ ஒன்று குழியிலேயே இறங்கி ஏறியது, கோபுரம் முழுக்க என் சட்டையில்.

அம்மா: வெள்ளைச் சட்டை வேறு. நீயே துவை.

(மாலை 5.40)

பெரியம்மா: [புகைப்படம்]

பெரியம்மா: எந்தக் குளம் என்று யாரும் கேட்க வேண்டாம். கொல்லையில் கிடக்கிற ஆட்டுக்கல். விளிம்பு வரை மழைத் தண்ணீர் நின்றது. கறுப்பாக எது இருந்தாலும் நல்லது என்றானே, இதைவிடக் கறுப்பு நம் வீட்டில் ஏது?

நான்: பெரியம்மா!! முருங்கைக் கிளையில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிகிறது. என் கோபுரத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

பெங்களூரு அக்கா: ஓரத்தில் எட்டிப் பார்க்கிற மூக்கு யாருடையது?

பெரியம்மா: என்னுடையதுதான். மூக்குத்தியும் தெரிகிறது பார்.

வேலூர் மாமா: அக்கா, மூக்கு இல்லாமல் இன்னொன்று எடுங்களேன்.

பெரியம்மா: கொசு முட்டையிடும் என்று அப்போதே தண்ணீரை இறைத்துக் கொட்டியாகிவிட்டது.