கார்பன் டேட்டிங்கில் மாட்டிக்கொண்டேன்: பரிணாமம் பற்றி நாத்திக நண்பர்களிடம் எப்படிப் பேசுவது?

புதுவிசுவாசி

வணக்கம். சண்டை மூட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், உண்மையிலேயே யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன் இல்லை, ஆறு வருடத்துக்கு முன்னால் விசுவாசத்துக்கு வந்தவன். கூட வேலை செய்கிற இரண்டு பேர் முழு நாத்திகர்கள். நல்ல மனிதர்கள்தான், ஆனால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் டார்வினிடம் போய் நிற்கும்.

போன வாரம் நான் தயாராகவே போனேன். ஒரு சிறு புத்தகத்தில் படித்த மூன்று விஷயங்கள் கையில் இருந்தன. கார்பன் டேட்டிங் தப்புத் தப்பாகக் காட்டும், அதனால் டைனோசருக்குச் சொல்கிற வயதெல்லாம் செல்லாது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிப்படி எல்லாமே சிதைந்துதான் போகும், தானாகச் சீராகாது, அப்படியிருக்க ஒரு செல் எப்படி மனிதனாகும்? அப்புறம், டார்வினே சாகும்போது மனம் திரும்பி எல்லாவற்றையும் மறுத்துவிட்டார். மூன்றையும் பத்தே நிமிடத்தில் பிரித்து மேய்ந்துவிட்டார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. கடைசியில் ஒருவர், கிண்டலே இல்லாமல், "எதைக் காட்டினால் நீ உன் எண்ணத்தை மாற்றிக்கொள்வாய்?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

இவர்களுக்குச் சொல்ல உருப்படியான வாதம் ஏதாவது இருக்கிறதா, இல்லை நான் நிற்கிற இடமே தப்பா? பூமிக்கு ஆறாயிரம் வயது என்று நம்பாவிட்டால் விசுவாசமே போய்விடுமா?

மண்புழு

தம்பி, முதலில் அந்தப் புத்தகத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். நானும் விசுவாசிதான், உயிரியல் பாடம் எடுக்கிறவன், இதே மூன்றையும் மாணவர்கள் வாயிலிருந்து வருடா வருடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டார்வின் மனம் திரும்பிய கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதுதான் இருப்பதிலேயே அவமானமானது. டார்வின் இறந்தது 1882-ல். ஹோப் சீமாட்டி என்ற பெண்மணி சொன்னதாக இந்தக் கதை அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது 1915-ல். சாகும்போது அருகிலேயே இருந்த மகள் ஹென்ரியெட்டா, இது பொய் என்று 1922-ல் எழுதியே மறுத்துவிட்டார். ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ் என்ற பெரிய படைப்புவாத (பரிணாமம் இல்லை, தேவனே நேரடியாகப் படைத்தார் என்கிற) அமைப்புகூட, தயவுசெய்து இந்தக் கதையைச் சொல்லாதீர்கள் என்று தன் ஆட்களுக்கே அறிவுறுத்துகிறது. எதிராளிக்குத் தெரிந்த பொய்யை நாம் சாட்சியாகச் சொன்னால், அப்புறம் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசும்போது மட்டும் எதற்கு நம்மை நம்ப வேண்டும்?

கார்பன்-14-ன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைந்துபோக ஆகிற காலம், சுமார் 5,730 ஆண்டுகள். ஐம்பதாயிரம் ஆண்டுகளைத் தாண்டினால் அளக்கிற அளவுக்கு மிச்சம் இருக்காது. டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன, அதை யாரும் கார்பனால் அளப்பதே இல்லை. எலும்பு கிடந்த அடுக்குக்கு மேலும் கீழும் இருக்கிற எரிமலைச் சாம்பலை எடுத்து, அதிலுள்ள யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது, பொட்டாசியம் எவ்வளவு ஆர்கானாக மாறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். நகைக்கடைத் தராசில் யானையை ஏற்றிவிட்டு, தராசு தப்பு என்று சொன்னால் எப்படி?

இரண்டாம் விதி, வெளியிலிருந்து ஆற்றல் எதுவும் வராமல் மூடிக் கிடக்கிற அமைப்புக்கு. பூமிக்குத்தான் நாள் முழுக்கச் சூரியன் கொட்டிக்கொண்டிருக்கிறதே. அந்த வாதம் சரியென்றால் விதை மரமாவதும் நடக்கக் கூடாது.

ஒரு வகை உயிரி இன்னொன்றாக மாறுகிற நடுக்கட்டத்தைக் காட்டும் இடைநிலைப் புதைபடிவம் எங்கே என்று அடுத்து கேட்கப் போகிறீர்கள் என்றால் டிக்டாலிக்கைப் பற்றிப் படித்துவிட்டுக் கேளுங்கள். மீனிலிருந்து நாலுகால் உயிரி வந்த காலம் சுமார் 37.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இருக்க வேண்டும், அந்த வயதுப் பாறை கனடாவின் வடதுருவப் பகுதியில் வெளியே தெரிகிறது, அங்கே போய்த் தோண்டுவோம் என்று நீல் ஷூபின் குழு கணக்குப் போட்டுப் போனது. வருடக்கணக்கில் தேடி, 2004-ல் எல்ஸ்மியர் தீவில் கிடைத்தது. மீனுக்குரிய செதிலும் துடுப்பும் இருக்கின்றன, துடுப்புக்குள்ளே மணிக்கட்டு மாதிரி எலும்புகள், தலையைத் திருப்பக் கழுத்து. எனக்கு அதில் பிடித்தது எலும்பைவிட அவர்கள் தேடிப் போன விதம்தான். இன்ன இடத்தில் இன்னது இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனார்கள், இருந்தது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004 என்ற கணக்கு ஜேம்ஸ் அஷர் என்ற ஆயர் 1650-ல் போட்டது, ஆதியாகமத்திலேயே எழுதியிருப்பது இல்லை. புனித அகஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டிலேயே, வானத்தையும் பூமியையும் பற்றி நன்கு அறிந்த அவிசுவாசி ஒருவனிடம் கிறிஸ்தவன் வேதத்தின் பெயரால் உளறினால், வேதத்தின் மற்ற போதனைகளை அவன் எப்படி நம்புவான் என்று கவலைப்பட்டிருக்கிறார். 1925-ல் டென்னசியில் பரிணாமம் கற்பித்த ஆசிரியர் மீது வழக்கு நடந்தபோது அரசுத் தரப்பில் நின்ற பிரையன்கூட, ஆறு நாள் என்பது 24 மணி நேர நாளாக இருக்க வேண்டியதில்லை என்று கூண்டில் நின்று ஒப்புக்கொண்டவர். பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான் என்கிற இளம் பூமிக் கொள்கை இன்றைய வடிவில் சபைகளில் பரவியது பெரும்பாலும் 1961-க்குப் பிறகு, விட்கம்பும் மாரிஸும் ஜலப்பிரளயம் பற்றி எழுதிய புத்தகத்துக்குப் பிறகு.

வசனமேவிளக்கு

மண்புழு சகோதரருக்கு ஸ்தோத்திரம். நீங்கள் சொன்ன முதல் விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை, பொய் சொல்லித் தேவனுக்கு ஊழியம் செய்ய முடியாது. ஆனால் மற்றதில் நீங்கள் ரொம்பச் சுலபமாகக் கதவைத் திறந்து விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

சண்டை பூமியின் வயதைப் பற்றி மட்டும் இருந்தால் நானும் அவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டேன். ரோமர் 5-ஐ எடுத்துப் பாருங்கள். ஒரே மனுஷனால் பாவமும், பாவத்தினால் மரணமும் உலகத்தில் வந்தது என்கிறார் பவுல். உங்கள் பாறை அடுக்குகளில் ஆதாமுக்குக் கோடிக்கணக்கான வருடத்துக்கு முன்பே ஒன்றை ஒன்று கடித்துத் தின்ற எலும்புகள் கிடக்கின்றன. அப்படியென்றால் மரணம் எதனால் வந்தது? ஆதாம் ஒரு உருவகம் என்றால் அவனோடு ஒப்பிடப்படுகிற கிறிஸ்து யார்? மத்தேயு 19-ல் ஆண்டவரே ஆதியில் ஆணும் பெண்ணுமாக உண்டாக்கினதைச் சரித்திரம் போலத்தான் எடுத்துப் பேசுகிறார். இந்த நூலை உருவினால் சட்டை எங்கே வரை பிரியும் என்று உங்களுக்குத் தெரியாது.

விஞ்ஞானம் தப்பாதது என்றும் யாரும் சொல்ல வேண்டாம். 1912-ல் குரங்குக்கும் மனிதனுக்கும் நடுவில் இருந்தவன், பில்ட்டவுன் மனிதன் என்று ஒரு மண்டை ஓட்டைக் காட்டினார்களே, நாற்பது வருடம் ஊரையே ஏமாற்றியது அது. உயிரினங்களுக்குள் ஒற்றுமை இருக்கிறது, அதனால் ஒரே மூதாதையர் என்பார்கள், ஒரே தச்சன் செய்த மேசையிலும் நாற்காலியிலும் ஒரே மாதிரி மூட்டுகள் இருக்கத்தானே செய்யும்? நடந்ததை யாரும் நின்று பார்க்கவில்லை. நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய் என்று யோபுவிடம் கேட்ட கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

சும்மா வந்தவன்

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது என்று இன்னும் யாரும் கேட்கவில்லையே, ஆச்சரியமாக இருக்கிறது. யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: நானும் என் சித்தப்பா மகனும் ஒரே தாத்தாவின் பேரன்கள், அதற்காக நான் பிறந்ததும் அவன் காணாமல் போகவில்லை.

சிவப்புமைப் பேனா

நான் எதிர் அணி. ஒரு காலத்தில் ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டிப் பரிசெல்லாம் வாங்கியவன், இப்போது நம்பிக்கை இல்லை. ஆசிரியர் வேலை, விடைத்தாள் திருத்துகிறவன், அதனால் வசனமேவிளக்கு அண்ணனின் தச்சன் உவமைக்கு என் தொழிலிலிருந்தே பதில் சொல்கிறேன்.

இரண்டு பையன்கள் ஒரே சரியான விடை எழுதினால் நான் சந்தேகப்பட மாட்டேன், இரண்டு பேரும் படித்திருக்கலாம். இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே கிறுக்குத்தனமான தப்பைச் செய்திருந்தால் ஒரே தாளிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி-யைத் தாங்களே உடலில் தயாரித்துக்கொள்கின்றன. நம்மால் முடியாது. அதற்கான ஜீன் நம்மிடமும் இருக்கிறது, ஆனால் உடைந்து கிடக்கிறது. சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் எல்லாவற்றிலும் அதே ஜீன் உடைந்திருக்கிறது, பல இடங்களில் உடைப்பும் ஒரே மாதிரி. கினிப்பன்றியிலும் இந்த ஜீன் கெட்டிருக்கிறது, ஆனால் அங்கே வேறு விதமாக உடைந்திருக்கிறது. ஒரே தச்சன் ஒரே மாதிரி மூட்டு வைத்தான், சரி. ஒரே மாதிரி உடைந்த காலை எதற்கு எல்லா நாற்காலிக்கும் வைத்தான்?

குரோமோசோம் கதையும் இதே வகைதான். பெரிய வாலில்லாக் குரங்குகளுக்கு 24 ஜோடி, நமக்கு 23. ஒரு ஜோடி எங்கே போனது என்று பார்த்தால், நமது இரண்டாம் குரோமோசோமின் நடுவில், முனையில் மட்டுமே இருக்க வேண்டிய டெலோமியர் வரிசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு முனைகள் ஒட்டிய தழும்பு அது. ஒரு குரோமோசோமுக்கு ஒன்றே இருக்க வேண்டிய சென்ட்ரோமியர் என்ற இடுப்புப் பகுதியில், செயலிழந்த இரண்டாவது ஒன்றின் மிச்சமும் அதே குரோமோசோமில் உண்டு. நின்று பார்க்க ஆள் தேவையில்லை, கொலையைக்கூட நாம் தடயத்தை வைத்துத்தானே கண்டுபிடிக்கிறோம்?

பில்ட்டவுன் மோசடிதான், மறுக்கவில்லை. 1953-ல் அதை மோசடி என்று நிரூபித்துச் சொன்னதும் விஞ்ஞானிகள்தான், எந்தச் சபையும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் புதுவிசுவாசியிடம் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2014-ல் டிவியில் அறிவியல் சொல்லிக் கொடுத்த பில் நையும், படைப்புவாதியான கென் ஹாமும் கெண்டக்கியில் விவாதித்தபோது இதே கேள்வி இருவரிடமும் கேட்கப்பட்டது. ஆதாரம் ஒன்று போதும் என்றார் நை. தேவனுடைய வார்த்தை உண்மையில்லை என்று யாராலும் என்னை நம்பவைக்க முடியாது என்ற பொருளில் பேசினார் ஹாம். என் ஆட்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை, ஏனென்றால் என்னை வெளியே கொண்டுவந்தது புதைபடிவமும் இல்லை, குரோமோசோமும் இல்லை. இக்நியூமன் குளவி என்று ஒன்று, உயிருள்ள கம்பளிப்புழுவின் உடலுக்குள் முட்டையிடும், குஞ்சுகள் புழுவை உள்ளிருந்து தின்று வளரும். நன்மையே உருவான ஒரு கடவுள் வேண்டுமென்றே இதைப் படைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்று 1860-ல் ஆசா கிரேக்கு எழுதினார் டார்வின். இந்தக் கிரே பக்தியுள்ள கிறிஸ்தவர், தாவரவியலாளர், அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடியவர். அதற்கு ஒன்பது வருடம் முன்பு, 1851-ல், டார்வினின் மகள் ஆனி பத்து வயதில் இறந்து போனாள். அவருடைய விசுவாசத்தைக் கரைத்தது எது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் கலாபகஸ் குருவிகளைவிட அந்தக் குழந்தைதான் முதலில் ஞாபகம் வருகிறாள். இதைப் பற்றிப் பேச யாராவது விசுவாசி தயாரென்றால் நானும் உட்காரத் தயார்.

மண்புழு

சிவப்புமை சொன்ன ஜீன் விஷயங்கள் சரி, நானும் வகுப்பில் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பரிணாமத்தை ஏற்றால் நாத்திகனாக வேண்டும் என்பதும் இல்லை. 2005-ல் அமெரிக்காவில் நடந்த டோவர் வழக்கில், அறிவார்ந்த வடிவமைப்பை (உயிர்களை ஓர் அறிவு திட்டமிட்டு வடிவமைத்தது என்கிற கருத்தை) பள்ளிக்குள் விடாதீர்கள் என்று பெற்றோர் தரப்பில் முதல் சாட்சியாக நின்ற கென்னத் மில்லர் கத்தோலிக்கர். மனித மரபணுத் திட்டத்தை நடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் சுவிசேஷ விசுவாசி.

ஆனால் வசனமேவிளக்கு சகோதரர் கைவைத்த இடம் சரியான இடம், அதை மழுப்பினால் நான் நேர்மையில்லாதவன் ஆவேன். ரோமர் 5 எனக்கும் உறுத்துகிறது. அங்கே சொல்லும் மரணம் தேவனை விட்டுப் பிரிகிற ஆவிக்குரிய மரணம் என்கிறார்கள் சிலர். ஆதாம் ஒரு கூட்டத்திலிருந்து தேவன் தெரிந்தெடுத்த பிரதிநிதி என்கிறார்கள் வேறு சிலர். நம் மரபணுவில் இருக்கிற வேறுபாடுகளைப் பார்த்தால் நமது மூதாதையர் ஒருபோதும் இரண்டே பேராகக் குறைந்திருக்கவில்லை, ஆயிரக்கணக்கில்தான் இருந்திருக்கிறார்கள் என்று மரபியலாளர்கள் கணக்கிடுகிறார்கள், அதனால் இரண்டாவது விளக்கம் எனக்குக் கொஞ்சம் பொருந்துகிறது. முழுத் திருப்தி இல்லை. பவுல் அப்படி நினைத்துத்தான் எழுதினாரா என்று கேட்டால் என்னால் ஆமாம் என்று சத்தியம் செய்ய முடியாது.

வசனமேவிளக்கு

ஒப்புக்கொண்டதற்கு நன்றி சகோ. நான் இன்னும் என் இடத்தில்தான் நிற்கிறேன். அந்த வைட்டமின் சி விஷயத்தை மட்டும் படித்துப் பார்க்க வேண்டும். விழுந்துபோன சிருஷ்டியில் எல்லாமே கெட்டுப்போனது என்றுதான் உடனே சொல்லத் தோன்றியது, ஆனால் ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஏன் கெட்டது என்பதற்கு அது பதில் ஆகாது என்று எனக்கே தெரிகிறது.

புதுவிசுவாசி

எல்லாருக்கும் நன்றி. இன்றைக்கு அவர்களிடம் போய், டார்வின் மனம் திரும்பினார் என்று சொன்னது பொய்க்கதை, விசாரிக்காமல் சொன்னதற்கு மன்னிக்கவும் என்றேன். ஒருவர் சிரித்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டவர் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் அப்பா மூன்று வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்ததையும், ஜெபிக்க வந்தவர்கள் அப்போது சொன்ன வார்த்தைகளையும் சொன்னார். பரிணாமம் பற்றி நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மண்புழு அண்ணா, ரோமர் 5 பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன், அந்தக் குளவியைப் பற்றியும் நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.