கட்டுமானச் சட்ட முதுநிலை: அட்ஜுடிகேஷன் கேள்விகளை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வணக்கம். சிவில் முடித்துவிட்டு லண்டனில் கட்டுமானச் சட்டம் எம்எஸ்சி படிக்கிறேன். அட்ஜுடிகேஷன் (கட்டுமானத் தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் விரைவாகத் தீர்ப்பது) கேள்விகளில் எங்கே தொடங்குவது என்றே பிடிபடவில்லை. சொல்லுங்களேன்.

பதில் 1: முதலில் தேதிகளை வரிசையாக எழுதுங்கள். பிரிட்டனின் 1996ஆம் ஆண்டுக் கட்டுமானச் சட்டத்தின் 108ஆம் பிரிவுப்படி, நோட்டீஸ் கொடுத்து 7 நாளுக்குள் நடுவரை நியமித்து, தகராறை அவரிடம் ஒப்படைக்க வழி இருக்க வேண்டும். ஒப்படைத்ததிலிருந்து 28 நாளில் முடிவு. ஒப்படைத்தவர் சம்மதித்தால் இன்னும் 14 நாள். 28ஐ நோட்டீஸ் தேதியிலிருந்து எண்ணினால் விடை முழுக்கத் தடம் புரண்டுவிடும்.

பதில் 2: அடுத்தது அதிகார வரம்பு. மதிப்பெண் இங்கேதான் இருக்கிறது. பூயிக் எதிர் டால்-ஜென்சன் (2000) வழக்கைப் பொறுமையாகப் படியுங்கள். இன்னும் கொடுக்க வேண்டியிராத ரிடென்ஷன் தொகையையும் (வேலை சரியாக முடியும் வரை பிடித்துவைக்கும் பணம்) நடுவர் கணக்கில் சேர்த்துவிட்டார். தன்னிடம் கேட்ட கேள்விக்குத்தான் தப்பாக விடை சொன்னார், ஆகவே முடிவு செல்லும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். ஆனால் டால்-ஜென்சன் லிக்விடேஷனில் (நிறுவனத்தை மூடிக் கடனைத் தீர்க்கும் நடவடிக்கை) இருந்ததால், அதற்குப் பணம் கொடுப்பதை நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பலர் இந்தப் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள்.

பதில் 3: ஃபிடிக் 2017ஐ (சர்வதேசக் கட்டுமான வேலைகளுக்கான மாதிரி ஒப்பந்தம்) இதோடு கலக்காதீர்கள். அங்கே தகராறு வாரியத்துக்கு 84 நாள். முடிவு பிடிக்காவிட்டால் 28 நாளில் அதிருப்தி நோட்டீஸ்.