மறு: ஆர்ட்டீரியல் ஸ்டிஃப்னஸ் – தமனி இறுக்கமா, நெகிழ்விழப்பா?

அன்பர்களுக்கு வணக்கம். 'ஆர்ட்டீரியல் ஸ்டிஃப்னஸ்' என்பது, இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்களான தமனிகளின் சுவர் விரிந்துகொடுக்கும் தன்மையை இழப்பது. இந்த மருத்துவச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் ஓர் அன்பர் இப்படி எழுதியிருந்தார்:

> 'தமனி இறுக்கம்' என்றே வைத்துவிடலாம். எளிய சொல், எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். என் அண்ணன் மூன்று ஆண்டுகளாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஒரு பரிசோதனைக்குப் பிறகு "இரத்தக்குழாய் இறுகியிருக்கிறது" என்றார்கள். வீட்டில் அத்தனை பேரும் அதை அடைப்பு என்றே எடுத்துக்கொண்டோம். ஸ்டென்ட் வைக்க எவ்வளவு ஆகும் என்று அண்ணி விசாரிக்கத் தொடங்கிவிட்டார். கயிறு இறுகுவதையே பார்த்துப் பழகிய நமக்கு, இறுக்கம் என்றால் துவாரம் சுருங்குவதுதான்.

இங்கே நடப்பது வேறு. சிறுநீரகம் செயலிழந்தால் பாஸ்பேட் உடலில் தேங்கும். அது கால்சியத்தோடு சேர்ந்து தமனிச் சுவரின் நடு அடுக்கில் படியும். அங்குள்ள தசைச் செல்கள் எலும்புச் செல்களின் குணத்தை ஏற்கத் தொடங்கும். துவாரம் திறந்தே இருக்கலாம். சுவர்தான் விரிந்துகொடுக்க மறுக்கிறது. டயாலிசிஸ் யூரியாவையும் மிகுதி நீரையும் எடுத்துவிடும். சுவரில் படிந்த சுண்ணத்தை எடுக்காது. டயாலிசிஸ் செய்துகொண்ட 241 பேரைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், பெருந்தமனி நெகிழ்விழந்தவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. உயிரோடு தொடர்புள்ள இந்த நிலைக்கு மங்கலான சொல் வேண்டாம்.

'தமனி விறைப்பு' பொருளுக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் உடல்நலக் கட்டுரைகளில் அந்தச் சொல் ஆண்மைக் குறைபாட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'மீட்சியிழப்பு' இயற்பியலுக்குப் பொருந்தும். மருத்துவ அறிக்கையில் அதைப் படிக்கும் நோயாளியோ 'இனி மீள மாட்டேன்' என்றே நினைப்பார். அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

என் மனம் இழுத்தது 'காழ்ப்பு'. முள்மரத்தை இளையதாகவே களையச் சொல்லும் குறள், முற்றிய நிலையைக் 'காழ்த்த இடத்து' என்கிறது. இளங்கிளை வளையும், காழ்த்தது வளையாது. தமனிக்கும் அதே கதைதான். இன்று காழ்ப்பு என்றால் வெறுப்பு என்றாகிவிட்டதே! மனமில்லாமல் விட்டுவிடுகிறேன்.

ஆகவே 'தமனி நெகிழ்விழப்பு' என்பதை முன்மொழிகிறேன். இரண்டு ழகரம் நாக்கைச் சோதிக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் படுக்கையருகே நிற்கும் செவிலியர் அதைப் பிரித்து, "குழாயின் நெகிழ்வு குறைந்திருக்கிறது" என்று சொல்லிவிடலாம். அடைப்பு என்ற எண்ணமே அங்கு எழாது.

அடுத்தது 'பல்ஸ் வேவ் வெலாசிட்டி'. கழுத்துத் தமனிக்கும் தொடைத் தமனிக்கும் இடையே துடிப்பின் அலை எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதை அளக்கிறார்கள். சுவர் கெட்டிப்பட்டால் அலை விரையும். நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் கவலைக்குரியது. 'துடிப்பலைத் திசைவேகம்' என்ற பரிந்துரையில் திசைக்கு வேலையில்லை. 'நாடியலை வேகம்' போதும். தமிழ்நாட்டில் நாடி என்றால் துடிப்பு. இலங்கைப் பாடநூல்களில் நாடி என்றால் தமனியே. இரண்டு பொருளிலும் சொல் சரியாக நிற்கிறது.

இரத்தக்குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய செல் அடுக்கான எண்டோதீலியத்துக்கு இலங்கை அன்பர்கள் புழங்கும் 'அகவணி' இருக்கும்போது புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. அதையே எடுத்துக்கொள்வோம்.