அம்பருக்குள் ஒரு சின்ன ஈ: சிறகு நரம்பை வைத்து இனம் சொல்ல முடியுமா? (அவசரம்)

தறிநூல்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் உள்ள ஒரு அம்பர் (கல்லாகிப்போன மரப்பிசின்) துண்டுக்குள் ஈ ஒன்று இருக்கிறது. ஒரு சிறகு முழுசாக விரிந்து, நரம்புகள் தெளிவாகத் தெரிகின்றன. இணையத்தில் தேடிய எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. புது இனமாக இருக்குமோ என்று இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. படம் இணைத்திருக்கிறேன். நரம்பு பார்க்கத் தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கரிசல்காடு:
என்ன அளவு? எந்த ஊர் அம்பர்? படத்தில் அளவுகோலே இல்லையே. தலை, உணர்கொம்பு, கால் தெரிகிற மாதிரி இன்னொரு படம் உண்டா?

மழைவண்டு:
பார்த்தவுடன் சொல்கிறேன், இது சியாரிடே. பூந்தொட்டி ஈர மண்ணில் கருப்பாகப் பறக்குமே, அந்தக் குடும்பம். சிறகின் நடுவில் மணியைக் கவிழ்த்த மாதிரி ஒரு கவை தெரிகிறது பாருங்கள். எம் நரம்பு, அதாவது சிறகின் நடு நரம்பு, எம்1, எம்2 என்று பிரியும் இடம் அது. வேறு எதுவும் பார்க்க வேண்டாம்.

கரிசல்காடு:
மழைவண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கவையின் மேல் கிளை சிறகின் ஓரத்தைத் தாண்டியும் ஓடுகிறது. நரம்பு விளிம்போடு நின்றுவிடும், விரிசல் நிற்காது. எனக்கு அது அம்பரில் விழுந்த கீறலாகத்தான் தெரிகிறது. கவையே இல்லையென்றால் கைரோனோமிடே, அதாவது கடிக்காத சிறு கொசுக் குடும்பம் என்பேன். அதில் எம் பிரியாமல் ஒற்றையாகவே போகும்.

பழையலென்ஸ்:
பத்து வருடமாக இங்கே இதே கதைதான். ஒரு செல்போன் படம், உடனே "புது இனமா?" தம்பி, முதலில் குடும்பம், அப்புறம் பேரினம், கடைசியில்தான் இனம். ஆண் என்றால் வால்நுனி உறுப்பைப் பார்க்க வேண்டும், கொம்பின் கணுக்களை எண்ண வேண்டும். அடிப்படைப் பாடத்தைப் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

தறிநூல்:
மன்னிக்கவும் சார். ஈ சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிஜ அம்பர்தானா என்று பார்க்க, நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்து ஓரத்தில் தொட்டேன். அந்த இடம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது.

பழையலென்ஸ்:
அப்படியானால் முடிந்தது. அது அம்பரே இல்லை, கோப்பல். சில நூறு, சில ஆயிரம் வருடப் பிசின். உள்ளே இருப்பது இன்றைக்கும் பறக்கிற ஈயாகத்தான் இருக்கும். இழையை மூடிவிடலாம்.

கரிசல்காடு:
மூட வேண்டாம். தறிநூல், எந்த ஊர்த் துண்டு என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

தறிநூல்:
சூரத் மாவட்டம், தட்கேஷ்வர். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒருவர் கொடுத்தார். ஊர் முக்கியமா?

குங்கிலியம்:
ஊர்தான் முக்கியம்! தயவுசெய்து இனி அசிட்டோன், சாராயம், தைலம் எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

அசிட்டோன் சோதனை பால்டிக் அம்பருக்குச் சரி. தட்கேஷ்வர், வஸ்தான் சுரங்கங்களில் கிடைக்கும் கேம்பே அம்பருக்கு அது பொருந்தாது. வயது ஏறத்தாழ 5 கோடி ஆண்டு, இயோசீன் காலத் தொடக்கம். ஆனால் அது டிப்டெரோகார்ப் மரங்களின் பிசின். சால் மரமும் அந்தக் குடும்பம்தான், நாம் நெருப்பில் போட்டுப் புகைக்கும் குங்கிலியம் அதன் பிசின். இந்த வகை முழுதாக இறுகவில்லை, கரைப்பானில் கரையும். ஆய்வாளர்களே கரைத்து, பூச்சியை முழு உருவமாக வெளியே எடுத்திருக்கிறார்கள். பிசுபிசுத்தது என்பதற்காக அதைப் புதுப் பிசின் என்று ஒதுக்கிவிட முடியாது.

2010இல் வந்த ஆய்வில் இந்த அம்பரிலிருந்து 50க்கு மேற்பட்ட பூச்சிக் குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். செரட்டோபோகோனிடே, அதாவது கடிக்கும் குறுங்கொசுக்கள் அதில் நிறைய உண்டு. உங்கள் ஈயும் அதுவாக இருக்கலாம்.

மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மெல்லிய கண்ணாடித் தகடு வைத்து, வெளிச்சத்தைக் கீழிருந்து விட்டுப் பாருங்கள். மேற்பரப்புக் கீறல் பெரும்பாலும் மறைந்துவிடும், நரம்பு மறையாது. மூன்று கேள்விகள்: முன்விளிம்பு நரம்பு சிறகு நுனி வரை போகிறதா, முன்னாலேயே நிற்கிறதா? எம் பிரிகிறதா? ஆர் நரம்பையும் எம் நரம்பையும் இணைக்கும் ஆர்-எம் குறுக்கு நரம்பு இருக்கிறதா? எம்2வின் அடிப்பகுதி சில பேரினங்களில் மங்கியிருக்கும், அவசரப்பட்டு இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

மழைவண்டு:
எம்2க்குக் கீழே இருக்கும் நரம்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் சியாரிடேதான். அந்த நரம்பு, சியுஏ1, வளைந்திருக்கிறது.

பழையலென்ஸ்:
அதை எம்4 என்று சொல்ல வேண்டும். சிறகு ஆய்வாளர்கள் வூட்டனும் என்னோஸும் 1989இலேயே எழுதிவிட்டார்கள்.

மழைவண்டு:
நரம்புகளுக்குப் பெயரிட காம்ஸ்டாக், நீடம் 1898இல் வகுத்த முறையை ஒட்டித்தான் பழைய கையேடுகள் எல்லாம். நான் அதில் படித்தவன், அப்படியே எழுதுகிறேன்.

பழையலென்ஸ்:
ஒரே நரம்புக்கு இரண்டு பெயர் எழுதினால் புதிதாக வருபவர் எதை நம்புவார்? எப்படியும் நரம்பை வைத்துக் குடும்பத்துக்கு மேல் போக முடியாது.

கரிசல்காடு:
அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவின் கொலராடோவில் ஃப்ளோரிசன்ட் என்ற ஊர்ப் பாறையில் கிடைத்த ஒரு ஈக்கு 1892இல் ஸ்கடர் என்ற பூச்சி ஆய்வாளர் பெயர் வைத்தார், வேறொரு ஈக் குடும்பம் என்று நினைத்து. பின்னால் காக்கரெல் என்ற ஆய்வாளர்தான் அது ரத்தம் குடிக்கும் செட்சி ஈ என்று கண்டுகொண்டார். சிறகின் நடுவில் கோடரி வடிவத்தில் ஒரு அறை இருந்தால் செட்சியின் குளோசினா பேரினம்தான், வேறு எந்த ஈக்கும் அது கிடையாது. இன்றைக்குப் பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் பெருகும் ஈ, 3.4 கோடி ஆண்டுக்கு முன் அமெரிக்காவில் பறந்தது என்று ஒரு சிறகு சொல்கிறது. நரம்பை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள்.

பழையலென்ஸ்:
குளோசினா சரி. ஆனால் அது பேரினம். இனம் இல்லை.

குங்கிலியம்:
இருவரும் வேறு இழை தொடங்கிப் பேசுங்கள். தறிநூல், என்ன ஆயிற்று?

*(ஆறு நாள் கழித்து)*

தறிநூல்:
தண்ணீர்ச் சொட்டு வேலை செய்தது. கவையின் மேல் கிளை கீறல்தான், மறைந்துவிட்டது. ஆனால் அதற்குச் சற்றுக் கீழே நிஜக் கவை இருக்கிறது, எம்2 தொடக்கத்தில் மிக மங்கல். முன்விளிம்பு நரம்பு முக்கால் தூரத்திலேயே நின்றுவிடுகிறது. ஆர்-எம் உண்டு.

குங்கிலியம்:
செரட்டோபோகோனிடே. அந்தக் குடும்பத்தின் லெப்டோகானாப்ஸ் பேரினமாக இருக்க முடியாது, அதில் ஆர்-எம் கிடையாது. ஆர அறை, அதாவது ஆர் நரம்புகளுக்கு நடுவே மூடிய அறை, ஒன்றா, இரண்டா? கொம்பில் எத்தனை கணு? துண்டைப் பட்டை தீட்டாமல், இந்த ஈக் குடும்பத்தைப் பற்றித் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். சுரங்கத்தில் எந்த அடுக்கு என்று கொடுத்தவரிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

தறிநூல்:
அறை இரண்டு. கொம்பு பாதி மறைந்திருக்கிறது. அவரிடம் கேட்கிறேன். நன்றி.