மறுமொழி: 'பழங்குடி மரபுசார் வடிவமைப்பு' என்னும் சொல் குறித்து

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பூங்கா, சதுக்கம், ஓடைக்கரை போன்ற பொதுவெளிகளை அந்தந்த நிலத்தின் முதற்குடிகளோடு சேர்ந்து வடிவமைக்கும் முறையைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்கு 'பழங்குடி மரபுசார் வடிவமைப்பு' என்று நண்பர் ஒருவரும், 'திணைசார் வடிவமைப்பு' என்று அம்மையார் ஒருவரும் முன்மொழிந்திருந்தார்கள். நான் வாழும் ஆக்லாந்து நகரில் இம்முறை எப்படி நடக்கிறது என்பதோடு வைத்துப் பார்த்தபோது, இரண்டு சொற்களுமே பொருளின் நடுப்பகுதியைத் தொடாமல் விலகிப் போவதாக எனக்குப் பட்டது.

2005ஆம் ஆண்டு நியூசிலாந்தின் சுற்றுச்சூழல் அமைச்சகம் நகர வடிவமைப்புக்கென ஒரு நெறிமுறையை வெளியிட்டது. அதில் தம் மக்களின் குரல் போதிய அளவு இடம்பெறவில்லை என்று கருதிய, அந்நாட்டின் முதற்குடிகளான மாவோரி மக்களைச் சேர்ந்த வடிவமைப்பாளர்கள், அடுத்த ஆண்டு ஹேஸ்டிங்ஸ் அருகே ஃபிளாக்ஸ்மியரில் உள்ள தே அரங்கா என்ற மராயில், அதாவது குலத்தார் கூடும் மன்றத்தில், ஒன்றுகூடி விவாதித்தார்கள். அந்த முயற்சியில் விளைந்தவையே இன்று ஆக்லாந்தின் வடிவமைப்புக் கையேட்டில் உள்ள ஏழு தே அரங்கா கோட்பாடுகள். கலை வேலைப்பாடு அவற்றுள் ஒன்று மட்டுமே. முதலில் நிற்பது 'மனா': அந்த நிலத்தின்மேல் எந்தக் குலத்தாருக்கு அதிகாரம் உண்டோ, அவர்களுடைய அந்நிலையை ஏற்று மதிக்க வேண்டும் என்பது அதன் பொருள். வரைபடம் முடிந்தபின் சுவரில் எந்தக் கோலத்தைச் செதுக்கலாம் என்று கேட்பது இம்முறையாகாது. அந்த இடத்தில் எதைக் கட்டலாம், அதற்கு என்ன பெயர் என்பதிலேயே அவர்கள் உடன் அமர்ந்திருக்க வேண்டும்.

ஆகவே 'மரபுசார்' என்பதில் உள்ள 'சார்' எனக்கு உறுத்துகிறது. ஒரு மரபைச் சார்ந்து யார் வேண்டுமானாலும் வடிவமைத்துவிடலாம். அம்மரபுக்கு உரியவர் ஒருவர்கூட அறையில் இல்லாமலேயே அது நடந்துவிடும். 'பழங்குடி' என்ற சொல்லிலும் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டு வாசகருக்கு அது அரசுப் பட்டியலில் உள்ள ஒரு பிரிவையும், மலையையும் காட்டையும் நினைவூட்டும். ஆக்லாந்தில் ஏற்கப்பட்டுள்ள 19 குலங்களும் குலக்கிளைகளும் உரிமை கொண்டாடுவதோ நாட்டின் மிகப் பெரிய நகரம் நிற்கும் நிலத்தை.

'திணை' அழகான சொல். நிலத்தையும் உயிர்களையும் ஒழுக்கத்தையும் ஒரே பிடியில் கொண்டுவருவதால் அதைக் கைவிட எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் திணை என்பது வகை. காடு எதுவாயினும் முல்லைதான், கடற்கரை எதுவாயினும் நெய்தல்தான். மாவோரி மரபிலோ ஒரு குறிப்பிட்ட மலை, ஒரு குறிப்பிட்ட ஓடை, அவற்றைத் தம் கொடிவழியில் வைத்துச் சொல்லும் ஒரு குறிப்பிட்ட குலம் என்ற தனித்தன்மையே உயிர்நாடி. அதை நம் இலக்கண வகைக்குள் அடக்குவது அவர்களுக்கும் நியாயமன்று, திணைக்கும் நியாயமன்று.

மாவோரி மொழியில் இக்குலத்தாரை 'மனா ஃபெனுவா' என்கிறார்கள். 'ஃபெனுவா' என்பதற்கு நிலம் என்றும் பொருள், நஞ்சுக்கொடி என்றும் பொருள். பிறந்த குழந்தையின் நஞ்சுக்கொடியைத் தம் மண்ணில் புதைக்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. அதனால் நிலத்தை வெறும் சொத்தாகக் காட்டும் சொல் இங்கே பொருந்தாது. 'மண்ணின் மைந்தர்' நம் அரசியல் மேடைகளில் வேறு பொருளுக்குப் போய்விட்டது. 'நிலவுரிமையாளர்' என்றால் பட்டா நினைவுக்கு வரும்.

நான் முன்மொழிவது 'மண்ணுரியோர்'. இதை விரித்தால் 'மண்ணுக்கு உரியோர்' என்று நான்காம் வேற்றுமையாக விரியும். 'மண்ணை உடையோர்' என்று விரியாது. மண் அவர்களுக்கு உரியது என்பதைவிட, அவர்கள் மண்ணுக்கு உரியவர்கள் என்பது முன்னால் வருகிறது. அப்படியானால் முறையின் பெயர் 'மண்ணுரியோர் வடிவமைப்பு'. 'மண்ணுரியோரது வடிவமைப்பு' என்று ஆறாம் வேற்றுமையில் விரிவதால் வடிவமைப்பு யாருடையது என்ற கேள்விக்கும் சொல்லிலேயே விடை இருக்கிறது. தலைப்புகளில் சுருக்க வேண்டும் என்பதற்காக 'மண்ணுரி' என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். மண்ணை உரித்தல் என்று படிக்க இடமாகும்.

இச்சொல்லை ஓர் இடத்தில் வைத்துச் சோதித்தேன். ஆக்லாந்தின் குயின் தெருவுக்கு அடியில் வைஹொரோட்டியு என்னும் ஓடை புதைந்து கிடக்கிறது. அத்தெருவின் கடல்முனையில், கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில், 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட சதுக்கத்துக்கு 'தே கோமிட்டிட்டங்கா' என்ற பெயரை வழங்கியவர்கள் மண்ணுரியோர். கலத்தல் என்பது அதன் பொருள். கருங்கல் தளம், விருந்தினருக்காக விரிக்கும் 'ஃபாரிக்கி' என்ற பாயின் பின்னலில் அமைந்திருக்கிறது. இதைத் 'தரைவிரிப்பு' என்று மொழிபெயர்த்தால் வெறும் அலங்காரமாகிவிடும். 'பாய்' என்றே சொன்னால் வருகிறவரை அமரச் சொல்லும் உபசாரம் நமக்கும் புரியும். அருகிலேயே 2021இல் திறக்கப்பட்ட 'தே வானங்கா' நீரின்மேல் நிற்கும் ஒரு மேடை. அதன் அடியில் இயற்கை நாரால் திரித்த கயிறுகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். சிப்பிகள் அவற்றைப் பற்றி வளர்ந்து நீரை வடிகட்ட வேண்டும் என்பது நோக்கம். மேலே நடப்பவர் கண்ணுக்கு அக்கயிறு எளிதில் படாது. 'மரபுசார்' என்ற சொல்லில் கல்பாய் அடங்கும், கயிறு அடங்காது. 'மண்ணுரியோர் வடிவமைப்பு' என்றால் இரண்டும் அடங்கும்.

துணைச்சொற்களில் 'ஃபகபாப்பா'வுக்குக் 'கொடிவழி'யும் 'மௌரி'க்கு 'உயிர்ப்பு'ம் பொருந்தும் என நினைக்கிறேன். ஏழாம் கோட்பாடான 'அஹி கா'தான் இன்னும் இடறுகிறது. எரிந்துகொண்டே இருக்கும் தீ என்பது அதன் நேர்பொருள். ஒரு குலம் அந்நிலத்தை விட்டு அகலாமல் வாழ்ந்துவருகிறது என்பதற்கு அத்தீயே சான்று. 'அணையா அடுப்பு' உடனே நாவில் வருகிறது. ஆனால் 1867 முதல் அது வடலூரின் சொல். பசித்தவருக்குச் சோறிடும் அறத்தைச் சொல்வது. நிலத்தொடர்பை அதன்மேல் ஏற்றக்கூடாது. தற்காலிகமாக 'மனைத்தீ' என்று குறித்து வைத்திருக்கிறேன். தீவிபத்து என்று மயங்கும் என்ற அச்சமும் இருக்கிறது. இதற்குத் தகுந்த சொல் உங்கள் ஊர் வழக்கில் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஆக்லாந்திலிருந்து ஓர் உறுப்பினர்