‘ஃபீட்பேக் கொஞ்சம் கூட்டுங்க’: மேடைக் கலவைக்கு என்ன சொல்?

வணக்கம்.

பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் கலவை மேசைக்காக (மிக்ஸர்) நாம் தொகுக்கும் சொற்பட்டியலில் ‘மானிட்டர் மிக்ஸ்’ என்பதற்கு நேரே ‘கண்காணிப்புக் கலவை’ என்று வந்திருக்கிறது. மேடையில் யாரும் யாரையும் கண்காணிப்பதில்லை. பாடகர் தன் குரலும் சுருதியும் காதில் விழுவதற்காக எதிரே வைக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்குப் போகும் கலவை அது. கச்சேரி மேடையில் வழங்கும் சொல் இதைவிடச் சிக்கல். “ஃபீட்பேக் கொஞ்சம் கூட்டுங்க” என்பார் பாடகர். கூட்டியதும் பெட்டி கூவினால் அதற்கும் பெயர் ஃபீட்பேக்!

என் முன்மொழிவு: சபையோருக்குப் போவது அவைக் கலவை, கலைஞருக்குப் போவது மேடைக் கலவை. பெட்டி, மேடைப் பெட்டி. கூவுவது ஊளை.

அடுத்தது ப்ரீ ஃபேடர், போஸ்ட் ஃபேடர். ஃபேடர் என்பது ஒரு தடத்தின் அளவை ஏற்றி இறக்கும் நழுவு பிடி. ப்ரீ ஃபேடருக்குப் பட்டியலில் உள்ள ‘முன்னெடுப்பு’ வேறு பொருளில் நிலைத்துவிட்ட சொல். சிக்னல் தடத்தில் (சேனலில்) ஓடிவருகிறது, வழியில் ஓரிடத்தில் பிரித்து வேறு வாய்க்காலுக்கு விடுகிறோம். அதனால் ‘மடை’ பொருந்தும் என்று தோன்றுகிறது. ஃபேடரைத் தாண்டுமுன் பிரிந்தால் மேல்மடை, தாண்டிய பின் பிரிந்தால் கீழ்மடை.

ஒரு கச்சேரியை வைத்துப் பார்க்கலாம். குரல், வயலின், மிருதங்கத்துக்கு வலந்தலை, தொப்பி என இரண்டு மைக், மின்தம்புரா: ஐந்து தடங்கள். ஆக்ஸ் என்பது தடங்களிலிருந்து பிரித்துத் தனிக் கலவையாக அனுப்பும் வழி. ஆக்ஸ் 1 பாடகருக்கு, ஆக்ஸ் 2 வயலினுக்கு, ஆக்ஸ் 3 மிருதங்கத்துக்கு. மூன்றும் மேல்மடை. முதலில் எல்லாத் தடங்களுக்கும் கெய்ன் (சிக்னல் உள்ளே வரும்போதே பெருக்கும் அளவு) வைத்து முடிக்க வேண்டும். பிறகு ஆக்ஸ் மாஸ்டரை (அந்த வழியின் மொத்த அளவை) 0 டெசிபெலில் நிறுத்தி, பாடகரின் பெட்டிக்குக் குரலையும் தம்புராவையும் மட்டும் ஏற்றி, அவர் கேட்டால் வயலினைச் சேர்க்கலாம். கேட்காமல் மிருதங்கத்தை ஏற்ற வேண்டாம், அது பக்கத்திலேயே ஒலிக்கிறது.

இந்த ஆக்ஸ் கீழ்மடையாக இருந்தால்? வயலின் தனித்து வாசிக்கும்போது குரல் ஃபேடரை அவைக்காக இறக்குகிறீர்கள். பாடகர் காதிலும் குரல் இறங்கிவிடும். திரும்ப ஏற்றும்போது சற்றுக் கூடினால் மேடைப் பெட்டியும் கூடி ஊளை. எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் நேர்மாறு, கீழ்மடைதான் வேண்டும். மேல்மடையில் விட்டால், ஃபேடரை மூடிய பிறகும் எதிரொலி மட்டும் பாடிக்கொண்டிருக்கும்.

> மேல்மடை, கீழ்மடை

ஐயா, மடை நல்ல சொல். தண்ணீரைப் பிரித்தால் குறையும், சிக்னல் குறையாது என்று யாராவது கேட்பார்கள். அதை விளக்கத்தில் சொல்லிவிடலாம். என் தடை ‘மேல்’, ‘கீழ்’ மேல்தான். அனலாக் மேசையில் ஃபேடர் அடியில் இருக்கிறது, ஆக்ஸ் குமிழ்கள் எல்லாமே அதற்கு மேலே. கீழ்மடைக் குமிழும் மேலேதான்! புதிதாகக் கற்பவர் குமிழின் இடத்தைப் பார்த்து எல்லாமே மேல்மடை என்று நினைப்பார். முன்மடை, பின்மடை என்று வைத்தால் சிக்னல் போகும் வரிசை மட்டுமே நினைவுக்கு வரும். ஃபேடரை ஃபேடர் என்றே விடலாம். எங்கோ பார்த்த ‘மங்கி’ வேண்டவே வேண்டாம், குரங்கு வந்துவிடும்.

‘முன்’ என்றால் எதற்கு முன் என்பதும் தெளிவாக வேண்டும். பெஹ்ரிங்கர் எக்ஸ்32 என்ற டிஜிட்டல் மேசையில் 16 மிக்ஸ் பஸ் (ஆக்ஸ் போன்ற கலவை வழிகள்) இருக்கிறது. பிரிக்கும் இடத்தை ஈக்யூவுக்கு (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பகுதி) முன், ஈக்யூவுக்குப் பின், ஃபேடருக்கு முன், ஃபேடருக்குப் பின் என்று தேர்ந்துகொள்ளலாம். ஈக்யூவுக்குப் பின் பிரித்தால், அவைக்காகக் குரலில் 3 கிலோஹெர்ட்ஸைத் தூக்கும்போது பாடகர் பெட்டியிலும் அது தூக்கும். ஊளைக்கு நல்ல வழி. ஆகவே ‘ஈக்யூ முன்மடை’, ‘ஃபேடர் முன்மடை’ என இரண்டு பதிவுகள் தேவை.

> ஃபேடர் முன்மடை

ஏற்கிறேன் தம்பி. மேல், கீழ் போகட்டும். முன்மடை, பின்மடை இருக்கட்டும்.

விளக்கத்தில் ஓர் எச்சரிக்கை சேர்க்க வேண்டும். கெய்ன் எல்லா மடைகளுக்கும் முந்தியது. கச்சேரி நடுவில் அவைக்காகக் குரல் கெய்னை 6 டெசிபெல் கூட்டினால் மூன்று மேடைப் பெட்டிகளிலும் குரல் 6 டெசிபெல் கூடும். ‘முன்மடைதானே, அசையாது’ என்று நம்பி மாட்டிக்கொள்வது இங்கேதான். மியூட் பொத்தான் முன்மடையையும் அடைக்குமா என்பது மேசைக்கு மேசை மாறும். ஒத்திகையில் அழுத்திப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள்.

‘ஊளை’ பதிவில் பெட்டி வைக்கும் இடமும் வரட்டும். எஸ்எம்58 போன்ற கார்டியாய்ட் (முன்புற ஒலியையே பெரிதும் எடுக்கும்) மைக்குக்கு நேர் பின்புறம் காது மந்தம், மேடைப் பெட்டி அங்கே. பீட்டா 58ஏ போன்ற, இன்னும் குறுகலாக எடுக்கும் சூப்பர் கார்டியாய்டுக்கு மந்தமான இடம் முன்னிருந்து ஏறத்தாழ 125 பாகையில், இரு பக்கமும். நேர் பின்னால் வைத்தால் கூவும். அதற்குப் பிறகும் கூவுகிற அதிர்வெண்ணை மட்டும் 31 பட்டை ஈக்யூவில் 3 டெசிபெல் இறக்கிப் பார்க்கலாம். அந்த ஈக்யூ ஆக்ஸ் வெளிவாயிலில் இருக்க வேண்டும், குரல் தடத்தில் அல்ல.

மிக்ஸ் பஸ்ஸுக்குக் கணினிப் பட்டியலில் உள்ள ‘பாட்டை’யை எடுத்துக்கொள்ளலாமா? ‘பேருந்து’ என்று ஒரு வரைவில் இருக்கிறது, அதை இன்றே நீக்கிவிடுங்கள்.